தீர்மான நோட்டில் இல்லாதவை

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை வேலை உத்தரவைக் கைப்பேசியில் காட்டினாய். "பெரியம்மா, நீங்க முப்பது வருஷம் பாத்த வேலைதானே, எனக்கு ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டாய். அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள். கேசரி கிளறிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து, குழுக்கள் கொடுத்துவைத்திருந்த பழைய தீர்மான நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. தேதி இருக்கிறது, வருகை இருக்கிறது, சேமிப்புத் தொகை காசு பிசகாமல் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் உண்மையில் எதைக் கற்றேனோ அது மட்டும் அந்த நோட்டுகளில் எங்கும் இல்லை. அதைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

உன் வேலைக்குப் பாலினச் சமத்துவ அலுவலர் என்று பெயர். எனக்கு அப்போது வெறும் களப்பணியாளர். ரோமில் இருக்கும் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-ல் தருமபுரியில் பெண்கள் குழுக்களைத் தொடங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அது சேலம், மதுரை, இராமநாதபுரம், நம் தென்னாற்காடு என்று பரவியது. விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது 1993-ல். அதற்கு முன்பே நான் விக்கிரவாண்டியிலிருந்து சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் குழு சேர்த்துக்கொண்டிருந்தேன். பெண்களுக்கு எதிரான எல்லாப் பாகுபாட்டையும் ஒழிக்க ஐ.நா. சபை 1979-ல் நிறைவேற்றிய உடன்படிக்கைக்கு இந்தியா ஒப்புதல் கொடுத்ததும் அதே 1993-ல்தான். உனக்கு அது பாடத்திலேயே வந்திருக்கும். எனக்கு அப்படி ஒன்று இருப்பது பல வருஷம் கழித்து ஒரு பயிற்சியில்தான் தெரிந்தது. அதுவரை நான் படித்ததெல்லாம் தவறு செய்து படித்ததுதான்.

1. முதலில் அவர்களுடைய நேரத்தைப் படி.

நான் போட்ட முதல் கூட்டம் காலை பதினோரு மணிக்கு. நடவு சமயம். வேப்பமரத்தடியில் பாயை விரித்து, பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். இரண்டு பாட்டிகள் வந்தார்கள். இந்த ஊர்ப் பெண்களுக்கு அக்கறையே இல்லை என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டு கழனிப் பக்கம் போனேன். சேற்றில் குனிந்திருந்த ஒரு அக்கா நிமிராமலே சொன்னார்: "எம்மா, நாத்து புடுங்கி ரெண்டு நாளு ஆவுது. இன்னிக்கு நடலன்னா காஞ்சிடும். உன் கூட்டம் இன்னா காஞ்சா பூடும்? ராத்திரி வா." ராத்திரி எட்டரை மணிக்குப் போனேன். தெருவிளக்கடியில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள், மடியில் தூங்கும் பிள்ளைகளோடு.

பிற்பாடு பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, கோலமாவால் தரையில் பெரிய வட்டம் போட்டு, ஒரு நாளின் இருபத்துநான்கு மணி நேரத்தில் எப்போது என்ன வேலை என்று கேட்டேன். புளியங்கொட்டையை வைத்துக் காட்டச் சொன்னேன். அதே அக்கா சொன்னார், "தூங்குற நேரத்த மட்டும் கோடு போட்டுக்கோ. மிச்சமெல்லாம் வேலதான், கொட்டைய எதுக்கு வீணாக்குற?" நாலு மணிக்கு எழுந்து பத்து மணிக்குப் படுக்கிறவரிடம் நீ இன்னொரு கூட்டம், இன்னொரு பயிற்சி, இன்னொரு படிவம் என்று போய் நிற்பாய். அதற்கு முன், அவர் தூக்கத்தில் எவ்வளவு எடுக்கிறாய் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்.

2. பெயர் யாருடையது என்று பார்த்ததோடு நிற்காதே. பிடி யாருடையது என்று பார்.

குழு மூலம் கறவை மாட்டுக் கடன் கொடுத்தோம். கடன் பெண் பெயரில், மாடு பெண் பெயரில், காப்பீட்டுக்காகக் காதில் குத்திய வில்லை எண்கூடப் பெண் பெயரில். பயனாளி ஒருவர் முன்னேறினார் என்று எழுதினேன். ஆறு மாதம் கழித்து ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடிக்கும்போதுதான் விவரம் தெரிந்தது. பால் சொசைட்டி அட்டை வீட்டுக்காரர் பெயரில். பத்து நாளைக்கு ஒரு முறை பால் பணம் வாங்குவது அவர். புல் அறுப்பது, சாணி வாருவது, தண்ணீர் காட்டுவது, விடியற்காலையில் கறப்பது இவர். தவணை கட்ட இவர்தான் கூடுதலாகக் களை வெட்டப் போனார். மாடு வந்தபிறகு இவர் தூக்கத்தில் ஒன்றரை மணி நேரம் குறைந்திருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நான் ஏடு ஏடாகச் சுரைக்காய் காய்க்கவைத்திருக்கிறேன்.

ஊராட்சியிலும் அப்படித்தான். 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு வந்தது. 2016-ல் சட்டம் அதை இரண்டில் ஒரு பங்காக உயர்த்தியது. சில ஊர்களில் தலைவர் நாற்காலியில் இன்னும் கணவர்தான் உட்காருகிறார். அதைப் பார்த்துவிட்டு இட ஒதுக்கீடே வீண் என்று சொல்கிறவர்களோடு சேராதே. முதல் தடவை கணவர் எழுதிக்கொடுத்ததைப் படித்த ஒரு பெண், மூன்றாம் வருஷம் அவரை வெளித்திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டுத் தானே குடிநீர்க் கணக்குப் பார்த்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காகிதத்தில் பெயர் ஏறுவது தொடக்கம். நீ அங்கேயே நின்றுவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

3. எண்ணிக்கைக்காக ஒரு மனுஷியை நசுக்காதே.

இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஒரு குழு. இருபது பேர். வங்கிக் கடன் வாங்கியிருந்தார்கள். ஒருத்தி மூன்று மாதம் தவணை கட்டவில்லை. வீட்டுக்காரர் மரம் ஏறும்போது விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒருவர் பாக்கி வைத்தாலும் மற்ற பத்தொன்பது பேருக்கும் அடுத்த கடன் இல்லை. மார்ச் மாதக் கடைசி. எனக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். நான் குழுவைக் கூட்டி, "நீங்களே போய்ப் பேசுங்க" என்றேன். பேசுங்கள் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

காலை ஆறு மணிக்குப் போய் வாசலில் உட்கார்ந்தார்கள். தெருவே பார்த்தது. உள்ளே அடுப்பு பற்றவைக்கவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை. பதினோரு மணிக்கு அவளே ஒரு பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தாள். அவள் அம்மா சீராகக் கொடுத்தது. விளிம்பில் அவள் பெயர் பொறித்திருந்தது. அதை அடகுக் கடையில் வைத்துத் தவணையைக் கட்டினார்கள். 'திருப்பிச் செலுத்தல் நூற்றுக்கு நூறு' என்று அன்று மாலை எழுதினேன். மாவட்டக் கூட்டத்தில் கைதட்டினார்கள். அந்த வாரத்திலிருந்து அவள் குழுவுக்கு வரவில்லை. என்னை எதிரில் பார்த்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாள்.

இதையே ஒரு தண்டல்காரர் செய்திருந்தால் கொடுமை என்று கத்தியிருப்பேன். பெண்களை வைத்துப் பெண்ணிடம் செய்ததால் ஒற்றுமை என்று பெயர் கொடுத்தேன். 2010-ல் ஆந்திராவில் நுண்கடன் வசூல் நெருக்கடியில் பெண்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் வந்தபோது, பேப்பரை மடித்துவைத்துவிட்டு நான் அந்த அண்டாவைத்தான் நினைத்தேன். அந்த மாநில அரசு அவசரச் சட்டம் போட்டு வசூலைக் கட்டுப்படுத்தியது. இன்றைக்கும் நம் தெருக்களில் வாரத் தவணைக்கு வருகிற நிறுவனப் பையன்கள் குழுப் பெண்களையேதான் வாசலில் உட்காரவைக்கிறார்கள்.

உன் வட்டாரத்தில் யாராவது தவணை தவறினால், முதலில் நீ தனியாகப் போ. கையில் நோட்டு இல்லாமல் போ. என்ன ஆயிற்று என்று கேள். நோய், சாவு, மழை என்று வந்தால் எடுத்துக்கொள்ள ஒரு தொகையைக் குழு ஒதுக்கிவைக்கட்டும் என்று முதல் கூட்டத்திலேயே பேசு. உன் அறிக்கையில் தொண்ணூற்றைந்து என்று வந்தால் வரட்டும். அந்த ஐந்துக்குக் காரணம் எழுது. எழுத இடம் இல்லாவிட்டால் பின்பக்கம் எழுது.

4. எல்லாப் பெண்ணும் ஒரே இடத்தில் நிற்கவில்லை.

பல ஊர்க் குழுக்களைச் சேர்த்து ஒரு பெரிய கூட்டம் வைத்தேன். மாரியம்மன் கோயில் மண்டபம் விசாலம், நிழல், காற்று. நல்ல இடம் என்று நானே தேர்ந்தெடுத்தேன். கூட்டம் தொடங்கியது. பெண் என்றால் எல்லோரும் ஒன்று என்று பேசிக்கொண்டிருக்கும்போது கவனித்தேன், காலனிக் குழுவினர் பன்னிரண்டு பேரும் மண்டபத்துக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். "உள்ள வாங்க" என்று கூப்பிட்டேன். யாரும் அசையவில்லை. உள்ளே இருந்தவர்களும் கூப்பிடவில்லை. பிறகு ஒரு பாட்டி மெல்ல என் பக்கம் வந்து, "நீ சாயங்காலம் பஸ் ஏறிப் போயிடுவ. நாங்க இங்கதான இருக்கணும்" என்றார். அடுத்த கூட்டத்தைக் காலனிப் பள்ளிக்கூடத்தில் வைத்தேன். ஊர்த் தெருக் குழுக்களில் பாதிப் பேர் வரவில்லை. வந்த பாதியோடு நடத்தினோம். நாலாவது கூட்டத்தில் எல்லோரும் ஒரே பாத்திரத்துச் சுண்டல் சாப்பிட்டார்கள். இரண்டு வருஷம் ஆயிற்று அதற்கு.

2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், ஊராட்சித் தலைவராகவே இருந்த பட்டியலினப் பெண் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வந்ததே, நினைவிருக்கிறதா? அவருக்கு இட ஒதுக்கீடும் இருந்தது, பதவியும் இருந்தது. நாற்காலி மட்டும் இல்லை. சாதியை விட்டுவிட்டுப் பெண்ணை மட்டும் பேசுகிற பயிற்சிக் கையேடு உன்னிடம் வரும். அதை அப்படியே ஒப்பிக்காதே.

இருளர் குடியிருப்புக்குப் போகும்போது இன்னும் கவனம். ஏரிக்கரையிலும் செங்கல் சூளையிலும் இருக்கிற அந்தப் பெண்களுக்குக் குழுவில் சேரக் கேட்கும் ரேஷன் அட்டையே அப்போது பலரிடம் இல்லை. 1993-ல் காவலர்கள்மேல் ஓர் இருளர் பெண் கொடுத்த பாலியல் வன்முறைப் புகாருக்குத் துணை நின்றவர் திண்டிவனத்துப் பேராசிரியர் பிரபா கல்விமணி. பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் அந்தப் போராட்டத்தின் வழியாக வளர்ந்தது. உரிமை என்ற சொல்லை நான் பயிற்சியில் கேட்பதற்கு முன்பே, நம் பக்கத்துப் பெண் ஒருத்தி அதற்காக நீதிமன்றப் படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். போனதும் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிடாதே.

5. உன் வீட்டில் தொடங்கு. இது உன் அம்மாவுக்கும் தெரிந்த கதை.

தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்கும் மகனைப் போலவே பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. அதற்கு முன் கல்யாணமானவர்களுக்குத்தான் அது பொருந்தவில்லை. நாடு முழுவதற்கும் 2005-ல் வந்தது. திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்தாரா என்ற குழப்பத்தையும் உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்த்துவிட்டது. எனக்குக் கல்யாணம் 1991-ல், உன் அம்மாவுக்கு அதற்கும் பின்னால். எங்கள் இருவருக்கும் பங்கு உண்டு.

தாத்தா போன மறு வருஷம் உன் மாமா வந்தார். கெட்டவர் இல்லை, கண்ணு. என்னைச் சைக்கிள் ஓட்டப் பழக்கியவரே அவர்தான். இரண்டு பட்டுப்புடவை, பூ, பழம். பத்திரப் பதிவு அலுவலக வாசலில், புளியமரத்தடியில் எழுத்தர் பத்திரத்தை வாசித்தார். எங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் அந்தப் பத்திரத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர். உன் அம்மா ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். அக்கா என்ன சொல்கிறாள் பார்க்கலாம் என்று காத்திருந்தாள். நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு அவளும் போட்டாள். பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற பயம், வேறொன்றும் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு குழுவில் சொத்துரிமை வகுப்பு. நன்றாகத்தான் பேசினேன். கடைசியில் ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, நீ வாங்குனியா?" நான் "வாங்கினேன்" என்றேன். முப்பது வருஷத்தில் அந்தப் பெண்களிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு நல்ல வகுப்பாக இருந்திருக்கும். எல்லோரும் தங்கள் பட்டுப்புடவைக் கதையைச் சொல்லியிருப்பார்கள்.

உன் தம்பிக்கும் உனக்கும் நடுவில் ஒருநாள் இந்தக் காகிதம் வரும். என்ன செய்வது என்று நான் சொல்ல மாட்டேன். உன் அம்மா முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேனாவைத் தொடு.

6. அடிபட்டவளுக்கு என்ன வேண்டும் என்று அவளிடமே கேள்.

இளமையில் நான் வீரம் காட்டினேன். ஒருத்தியை அவள் கணவன் விறகுக் கட்டையால் அடித்தான் என்று கேள்விப்பட்டு, குழுவைத் திரட்டிக்கொண்டு போய்த் தெருவில் வைத்து அவனைப் பேசினேன். போலீஸில் சொல்வேன் என்றேன். அவன் தலை குனிந்தான். நான் வெற்றியோடு வீடு திரும்பினேன். அந்த ராத்திரியும் அதற்குப் பிந்திய ராத்திரிகளும் அவளுக்கு எப்படிப் போயின என்று மூன்று வாரம் கழித்து அவள் அம்மா சொன்னார். அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவே இல்லை. கேட்டிருந்தால், அம்மா வீட்டுக்குப் போக நாலு நாள் அவகாசம் வேண்டும், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருப்பாள்.

இப்போது உனக்குத் துணைகள் இருக்கின்றன. 2005-ல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற எண் எந்த நேரமும் எடுக்கிறது. வீட்டைவிட்டு வெளியேற்றப்படாமல் அங்கேயே இருக்கும் உரிமையையும் அந்தச் சட்டம் அவளுக்குக் கொடுக்கிறது. இவற்றை எல்லாம் தெரிந்துவைத்துக்கொள். ஆனால் எப்போது, எதை என்பது அவள் முடிவு. அவள் சொன்னதை வேறு எங்கும் சொல்லாதே. பெயரை எடுத்துவிட்டுச் சொன்னேன் என்று சமாதானம் செய்துகொள்ளாதே. பெயர் இல்லாவிட்டாலும் பத்து மைல் சுற்றளவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

7. வெற்றிக் கதை கேட்பார்கள். அரைப் பக்கம், ஒரு படம். எங்கள் ஆண்டறிக்கை அட்டையில் மல்லாட்டை ஆயும் ஒரு பெண்ணின் சிரிப்பைப் போட்டோம். அதை அவருக்கு யாரும் காட்டவில்லை. எட்டு வருஷம் கழித்து ஓர் அலுவலகச் சுவரில் அவர் தன் முகத்தைத் தானே கண்டுபிடித்தார். என்னைத் திட்டவில்லை. "கிழிஞ்ச ரவிக்கையோட புடிச்சிட்டியே" என்றார். அச்சாகும் முன் காட்டு. வேண்டாம் என்றால் விடு.

8. அவர்கள் கேட்பது உன் திட்டத்தில் இருக்காது.

நான் கோழி வளர்ப்புப் பயிற்சி பற்றிப் பேசிய கூட்டத்தில் பெண்கள் சாராயம் பற்றிப் பேசினார்கள். "அது நம்ம திட்டத்துல வராதும்மா" என்றேன். அடுத்த கூட்டத்துக்குப் பாதிப் பேர்தான் வந்தார்கள். அதே காலத்தில்தான், 1992-ல், நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா என்ற ஊரில் அறிவொளி வகுப்புக்கு வந்த பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது மாநிலம் முழுக்கப் பரவி, ஆந்திராவில் சாராயத்துக்கே தடை வந்தது. அந்த வகுப்பின் திட்டத்திலும் எழுத்தறிவு மட்டும்தான் இருந்திருக்கும். 2023 மே மாதம் நம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்து ஆட்கள் செத்தார்கள். அடுத்த வருஷமே கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கும் மேல். செத்தவர் வீடுகளில் தனித்து நின்ற பெண்களைப் பார்க்கும்போது, அன்றைக்கு நான் கோழிப் படத்தை மடித்துவைத்துவிட்டு அவர்கள் பேசியதைக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. நாங்கள் பதினைந்து வருஷம் சமக் கூலி, சமக் கூலி என்று பேசினோம். 1976-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. மல்லாட்டைக் கொல்லையில் ஆள் கூலி ஒரு மாதிரி, பொம்பளை கூலி அதில் பாதி என்பது அசையவே இல்லை. 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதலில் எடுத்த 6 மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. நிர்ணயித்த கூலி 80 ரூபாய், ஆணுக்கும் பெண்ணுக்கும் அதேதான். அளவு பார்த்துக் குறைத்ததும் உண்டு, தாமதமும் உண்டு. ஆனாலும் ஏரி வேலைக்குப் பெண்கள் திரண்டார்கள். களை வெட்ட ஆள் கிடைக்காமல் கொல்லைக்காரர்கள் கூலியை ஏற்றினார்கள். முதல் வாரக் கூலியை வாங்கிய ஒரு விதவை, பணத்தை எண்ணிவிட்டு, பக்கத்தில் நின்ற தன் மைத்துனன் கையை எட்டிப் பார்த்தார். "அவுருக்கும் இதானா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். மறுபடி எண்ணினார். எங்கள் பயிற்சி செய்யாததை ஒரு சட்டம் செய்தது. உன் நிறுவனத்தின் மூன்று வருஷத் திட்டம் பெரிது என்று நினைக்காதே. அரசாங்கம் தர வேண்டியதைக் கேட்டு வாங்கப் பெண்களுக்குத் துணை போவதுதான் நிலைக்கும்.

9. உன் அலுவலகத்துக்குள்ளும் பார்.

நாங்கள் களத்தில் இருந்தவர்கள் எல்லாம் பெண்கள். மேலே உட்கார்ந்து கணக்குக் கேட்டவர்கள் எல்லாம் ஆண்கள். பெண்கள் முன்னேற்றத்துக்கென்றே நடந்த அலுவலகத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க இருப்போம். ஒரு மேலாளர் இருந்தார். அவரோடு தனியாக ஜீப்பில் போகாதே என்று புதிதாக வரும் பெண்களுக்கு நாங்கள் காதோடு காதாகச் சொல்வோம். காதோடு சொன்னதோடு சரி. எழுத்தில் யாரும் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. ஒரு பெண் வேலையை விட்டுப் போனாள். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும்.

பெரிய நிறுவனம், வெளிநாட்டு நிறுவனம் என்றால் அங்கே இது நடக்காது என்று நம்பிவிடாதே. 2010 நிலநடுக்கத்துக்குப் பின் ஹைதிக்கு நிவாரணப் பணிக்குப் போன ஆக்ஸ்ஃபாம் ஊழியர்கள் சிலர் அங்கே பெண்களைப் பணம் கொடுத்துப் பயன்படுத்திய செய்தி 2018-ல் உலகம் முழுக்க வந்தது. 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். சின்ன இடம் என்றால் மாவட்டத்தில் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சேர்ந்த முதல் வாரமே உன் அலுவலகக் குழுவில் யார் யார் என்று கேள். பெயர்ப் பட்டியல் சுவரில் இருக்க வேண்டும். கேட்டால் முறைப்பார்கள். கேள்.

10. ஆண்களோடு பேசு. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேச எனக்குப் பத்து வருஷம் தைரியம் வரவில்லை. பேசியபிறகு சில வீடுகளில் தண்ணீர்க் குடம் ஆண் தோளுக்கு ஏறியது. இதில் எனக்கு அனுபவம் குறைவு. நீ என்னைவிட நன்றாகச் செய்வாய்.

அடுத்த புதன்கிழமை முதல் களப் பயணம் என்றாய். எந்த ஊர் என்று சொன்னபோது எனக்கு நெஞ்சு ஒரு தடவை அடைத்தது. அண்டாக்காரி ஊர் அதுதான். இப்போது அவளுக்கும் அறுபது ஆகியிருக்கும். வெயில் காலத்தில் டோல்கேட் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் நுங்கு வைத்து விற்கிறாள் என்று கேள்வி. அண்டாவை மீட்டாளா, மூழ்கிவிட்டதா என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. போய்க் கேட்கவில்லை.

நீ போனால் ஜீப்பைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போ. நுங்கு வாங்கு. விலை பேசாதே. அவளாகப் பேசினால் உட்கார்ந்து கேள். என் பெயரை நீ எடுக்காதே. நீ யார் வீட்டுப் பெண் என்று அவள் கேட்டால் மட்டும் மறைக்காமல் சொல். அவள் என்ன சொல்கிறாளோ அதை வந்து என்னிடம் அப்படியே சொல். நான் வீட்டில்தான் இருப்பேன்.

பெரியம்மா
விக்கிரவாண்டி